ஜப்பானில் ஒரே ஒரு நாள் கையில் இருந்தால்: டிஸ்னிலேண்டா, டிஸ்னிசீயா, யூனிவர்சலா?

ஜப்பான் போகத் திட்டம் போடும் எந்தக் குடும்பத்திலும் ஒரு கட்டத்தில் இந்தச் சண்டை வந்துவிடும். டோக்கியோ, ஃபுஜி மலை, கியோட்டோ, ஒசாகா எல்லாவற்றையும் அட்டவணையில் திணித்த பிறகு தீம் பார்க்குக்கு மிஞ்சுவது ஒரு நாள், அதை யாருக்குக் கொடுப்பது என்று. இணையத்தில் தேடினால் எல்லாரும் ரைடுகளை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். என் பார்வையில் அது தப்பான கணக்கு. கூட்டம் இருக்கும் நாளில், கூடுதல் பணம் கட்டாமல், திறக்கும் நேரத்திலிருந்து மூடும் நேரம் வரை சுற்றினாலும் பெரிய ரைடுகள் ஐந்தோ ஆறோ கிடைத்தால் நல்ல நாள். மீதி நேரமெல்லாம் நடப்பது, நிற்பது, உட்கார இடம் தேடுவது, சாப்பிடுவது, யாராவது ஒருவர் கழிவறை போய் வரும் வரை பையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது. ஆகவே ரைடில் இல்லாத அந்த எட்டு ஒன்பது மணி நேரம் எந்தப் பார்க்கில் நன்றாகப் போகும் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அந்தக் கணக்கில் என் ஓட்டு டோக்கியோ டிஸ்னிசீக்கு. ஆனால் எல்லாருக்கும் அது பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதுதான் இந்தக் கட்டுரையில் பாதி.

முதலில் ஊர் விஷயம். டோக்கியோ டிஸ்னிலேண்டும் டிஸ்னிசீயும் பெயரில்தான் டோக்கியோ. இருப்பது பக்கத்து மாவட்டமான சீபாவில், உராயாசு என்ற ஊரில். டிஸ்னிலேண்ட் 1983 ஏப்ரல் 15 அன்று திறந்தது, அமெரிக்காவுக்கு வெளியே வந்த முதல் டிஸ்னி பார்க். டிஸ்னிசீ 2001 செப்டம்பரில் வந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் தனித்தனிப் பார்க்குகள், தனித்தனி டிக்கெட். ஒரு நாள் டிக்கெட்டை வைத்துக்கொண்டு காலையில் இங்கே, மாலையில் அங்கே என்று போக முடியாது. இது தெரியாமல் வந்து, நுழைவாயிலில் பிள்ளைகளிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் பெற்றோரை அடிக்கடி பார்க்கலாம். இன்னொன்று, இந்த இரண்டும் டிஸ்னி நிறுவனத்துக்குச் சொந்தமில்லை. ஓரியன்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் டிஸ்னியிடம் உரிமம் வாங்கி, தன் காசைப் போட்டு நடத்துகிறது. யூனிவர்சல் ஸ்டுடியோஸ் ஜப்பான் இருப்பது ஒசாகாவில், அதுவும் 2001இல்தான் திறந்தது, மார்ச் 31 அன்று.

டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே புல்லட் ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒருவருக்கு 14,000 யென் ஆகும். எனவே டோக்கியோவில் மட்டும் தங்குகிறவர் யூனிவர்சலுக்காக ஒசாகா போய் வருவதும், ஒசாகாவில் மட்டும் இருப்பவர் டிஸ்னிக்காக டோக்கியோ போவதும் வீண் அலைச்சல். கேள்வி இரண்டு ஊரிலும் தங்குகிறவர்களுக்குத்தான், அதாவது இந்தியாவிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோருக்கு.

சரி, டிஸ்னிலேண்டும் டிஸ்னிசீயும்.

டிஸ்னிலேண்ட் உங்கள் மனதில் டிஸ்னி என்றதும் என்ன படம் வருகிறதோ அதேதான். நடுவில் சிண்டரெல்லா கோட்டை, மதியம் பாட்டும் ஆட்டமுமாக ஊர்வலம், இரவில் விளக்கு ஊர்வலம். நுழைந்தவுடன் வரும் கடைத்தெருவுக்கு மேலே கண்ணாடிக் கூரை போட்டிருக்கிறார்கள், ஜப்பானின் மழையை நினைத்துச் செய்தது. தரை சமதளம், குழந்தை வண்டியைத் தள்ளுவது எளிது. உயரக் கட்டுப்பாடு இல்லாத ரைடுகள் அதிகம். 'பூஸ் ஹனி ஹன்ட்' என்று ஒன்று இருக்கிறது, வினி த பூ கரடியின் தேன் வேட்டை. 2000இலேயே தண்டவாளம் இல்லாமல் ஓடும்படி செய்துவிட்டார்கள். தேன் ஜாடிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, பின்வாங்கி, தங்களுக்குள் பேசி வைத்த மாதிரி நகரும். மூன்று வயதுக் குழந்தையும் பார்க்கலாம், பொறியியல் படித்த அப்பாவும் இது எப்படி ஓடுகிறது என்று குனிந்து குனிந்து தரையைப் பார்க்கலாம். 2020இல் வந்த 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' ரைடும் அப்படித்தான், அதில் கோப்பைகள் இசைக்கு ஏற்ப ஆடுகின்றன. அமெரிக்காவில் மூடிவிட்ட 'ஸ்பிளாஷ் மவுன்டன்' இங்கே இன்னும் ஓடுகிறது. 'ஸ்பேஸ் மவுன்டன்' மட்டும் கிடையாது, 2024 ஜூலையோடு மூடி இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள், 2027இல் திறப்பதாகத் திட்டம்.

குறை என்ன? வேறு நாட்டில் டிஸ்னிலேண்ட் பார்த்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே பார்த்தது. ஹாங்காங்கோ பாரிஸோ கலிஃபோர்னியாவோ போனவர்கள் இங்கே வந்து, நன்றாகத்தான் இருக்கிறது ஆனால் அதே கோட்டைதானே என்பார்கள். பார்த்திராதவருக்கு இந்தக் குறையே இல்லை.

டிஸ்னிசீ உலகத்தில் இங்கே மட்டும்தான் இருக்கிறது. கோட்டைக்குப் பதில் நடுவில் ஒரு எரிமலை, பிராமிதியஸ் மலை என்று பெயர். அவ்வப்போது உறுமும், புகையும். அதைச் சுற்றி எட்டுத் துறைமுகங்கள். உள்ளே நுழைந்ததும் இத்தாலியத் துறைமுக ஊர், அப்புறம் பழைய நியூயார்க் கப்பல்துறை, அரபு நாட்டுக் கடைவீதி, மத்திய அமெரிக்கக் காட்டு இடிபாடுகள். சுவரில் காரை பெயர்ந்த இடம், துருப்பிடித்த குழாய், ஜன்னலில் காயும் துணி என்று எல்லாமே வேலை பார்த்துச் செய்தது. இதை ஜவுளிக்கடை வாசலில் வைக்கிற செட்டிங் மாதிரி நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தாலும் ஏமாற்றாது. 

எரிமலைக்குள் இருக்கும் 'ஜர்னி டு த சென்டர் ஆஃப் த எர்த்' ரைடைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பார்க் எப்படி யோசிக்கிறது என்று அதில் தெரியும். வரிசை குகைக்குள் போகிறது. வழியில் ஆய்வுக்கூடம், மேசையில் கல் மாதிரிகள், குறிப்பேடுகள். பிறகு ஒரு லிஃப்ட், பூமிக்குள் ஆழமாக இறங்குவதாக ஆடி அதிர்ந்து நிற்கும். கதவு திறந்தால் சூடான காற்று முகத்தில் அடிக்கும். வண்டியில் ஏறினால் முதல் பாதி ஒளிரும் காளான்களும் படிகங்களுமாக மெதுவாகப் போகும், பக்கத்தில் இருப்பவர் இவ்வளவுதானா என்று கேட்கிற நேரத்தில் எரிமலைப் பூதம் ஒன்று தலை நீட்டும், வண்டி சடாரென்று மேலே ஏறி, மலைக்கு வெளியே வந்து, ஒரு கணம் முழுப் பார்க்கையும் காட்டிவிட்டுக் கீழே விழும். அந்த ஒரு கணத்துக்காகவே இருட்டிய பிறகு ஏற வேண்டும். உயரம் 117 செ.மீ. இல்லாவிட்டால் அனுமதி இல்லை, பிள்ளையை வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள்.

2024 ஜூன் 6 அன்று டிஸ்னிசீயில் 'ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ்' என்ற எட்டாவது பகுதியைத் திறந்தார்கள். சுமார் 32,000 கோடி யென் செலவு. ஃப்ரோசன், ரபன்செல், பீட்டர் பான் மூன்றும் அதில். தொடக்கத்தில் தனி அனுமதி இல்லாமல் அந்தப் பகுதிக்குள்ளேயே விடவில்லை. இப்போது யாரும் உள்ளே நடக்கலாம், வரிசையில் நிற்கலாம், நிற்பதற்குப் பொறுமைதான் வேண்டும். ஃப்ரோசன் பிடித்த பெண் குழந்தை வீட்டில் இருந்தால், டிஸ்னிசீ பெரியவர்களுக்கான பார்க் என்ற பழைய பேச்சு இனி செல்லாது.

ஆனாலும் மேடு பள்ளம், படிகள், சுற்று வழிகள் இங்கே அதிகம். மூட்டு வலி உள்ள அம்மா அப்பாவோடு போனால் இதை யோசிக்க வேண்டும். அதே சமயம் உட்கார்ந்துகொண்டே சுற்றவும் வழி வைத்திருக்கிறார்கள். பார்க்கின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் படகு ஓடுகிறது, ஒரு குட்டி மின்சார ரயில் இருக்கிறது, வெனிஸ் பாணிப் படகில் படகோட்டி பாடிக்கொண்டே துடுப்புப் போடுவார். அரபுப் பகுதியில் சிந்துபாத் கப்பல் பயண ரைடு பெரும்பாலும் அதிகம் காத்திருக்க வைக்காது. சந்து என்று ஒரு புலிக்குட்டி வரும், பாட்டு முழுக்க ஜப்பானிய மொழி, ஒரு வார்த்தை புரியாமலேயே முணுமுணுத்துக்கொண்டு வெளியே வருவீர்கள். வெயிலில் வாடிய தாத்தா பாட்டிக்கு ஏசியில் பத்து நிமிடம் உட்கார இதைவிட நல்ல இடம் அந்தப் பார்க்கில் இல்லை. இரவில் துறைமுகத்தில் நீர் மேல் நடக்கும் 'பிலீவ்' நிகழ்ச்சி, காற்று பலமாக அடித்தால் ரத்தாகிவிடும், அது ஒன்றையே நம்பிப் போகாதீர்கள்.

இனி யூனிவர்சல். நியாயமாகப் பேசினால் இங்கே போக இரண்டே காரணம் போதும், மரியோ ஒன்று, ஹாரி பாட்டர் ஒன்று. அதிரடி ரோலர் கோஸ்டர் பிடித்தவர்களுக்கு மூன்றாவதும் உண்டு.

மரியோ வீடியோ கேம் பகுதியான 'சூப்பர் நின்டென்டோ வேர்ல்ட்' 2021 மார்ச்சில் திறந்தது, டாங்கி காங் பகுதி 2024 டிசம்பரில். பச்சைக் குழாய் ஒன்றுக்குள் நடந்து போனால் பீச் இளவரசியின் கோட்டை, அதைத் தாண்டி வெளியே வந்தால் சுற்றிலும் அடுக்கடுக்காக விளையாட்டுத் திரையே உயிரோடு நிற்கும். காசுகள் சுழலும், காளான்கள் ஆடும், செடிகள் வாயைத் திறந்து மூடும். சிறு வயதில் ஏதாவது கேசட் போட்டு மரியோ ஆடியவர்கள் பேச்சு மூச்சில்லாமல் நிற்பதை அங்கே நின்று பார்ப்பதே ஒரு வேடிக்கை. கையில் கட்டும் பட்டை ஒன்றைத் தனியாக விற்கிறார்கள், அதை வைத்துக்கொண்டு பெட்டிகளைக் குத்தினால் காசு சேரும். பிள்ளைகள் ரைடை மறந்து ஒரு மணி நேரம் குத்திக்கொண்டே இருப்பார்கள். விலை சில ஆயிரம் யென், ஆனால் பத்து வயதுப் பையன் இருந்தால் வாங்காமல் வர முடியாது, முன்கூட்டியே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள். மரியோ கார்ட் ரைடு பற்றி ஒரு எச்சரிக்கை: அது வேகமாக ஓடாது. கண்ணாடி மாட்டிக்கொண்டு, சுற்றிப் பார்த்துச் சுட்டுக்கொண்டே மெதுவாகப் போகும் விளையாட்டு. சீறிப் பாயும் என்று எதிர்பார்த்தவர் முகம் தொங்கிப் போய் வெளியே வருவார். டாங்கி காங் சுரங்க வண்டிதான் ஆளைத் தூக்கிப் போடும், தண்டவாளம் இல்லாத இடத்தைத் தாண்டிக் குதிப்பது போலச் செய்திருக்கிறார்கள்.

அந்தப் பகுதிக்குள் நுழைவதிலேயே ஒரு சிக்கல் உண்டு. கூட்டம் சேர்ந்ததும் நேரச் சீட்டு இருந்தால்தான் விடுவார்கள், அதைப் பார்க்குக்குள் போன பிறகு ஆப்பில் எடுக்க வேண்டும், தீர்ந்துபோனால் தீர்ந்ததுதான். இதற்கு மூன்று வழி. ஒன்று, விடிகாலையிலேயே வாசலில் நிற்பது. யூனிவர்சலில் அறிவித்த நேரத்துக்கு வெகு முன்பே கதவைத் திறக்கும் பழக்கம் இருக்கிறது, முதல் அலையில் நுழைந்தால் சீட்டில்லாமலே மரியோ பகுதிக்கு நடந்துவிடலாம். இரண்டு, நுழைந்த கணமே ஆப்பைத் திறப்பது. மூன்று, நீண்ட வரிசையைத் தாண்டிப் போக விடும் எக்ஸ்பிரஸ் பாஸில், அந்தப் பகுதிக்கான நுழைவும் சேர்ந்ததை முன்கூட்டியே வாங்குவது. மூன்றாவதுதான் நிம்மதி, மூன்றாவதுதான் பர்ஸைக் கடிப்பதும்.

ஹாரி பாட்டர் பகுதி 2014இல் வந்தது. ஹோக்வார்ட்ஸ் கோட்டையும் அதன் முன்னால் ஏரியும், பனி மூடிய கூரைகளும். உள்ளே இருக்கும் 'ஃபர்பிடன் ஜர்னி' நல்ல ரைடு, ஆனால் தலை சுற்றும் ரகம், சாப்பிட்ட கையோடு ஏறாதீர்கள். ஹாரி ஜப்பானிய மொழியில் பேசுவார், பழகிக்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஹாரி பாட்டருக்காக மட்டும் யூனிவர்சலை நினைக்கிறவர்களுக்கு டோக்கியோவிலேயே மாற்று இருக்கிறது. 2023 ஜூனில் தோஷிமாயென் என்ற இடத்தில் வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ டூர் திறந்தார்கள். அங்கே ரைடு கிடையாது, படப்பிடிப்பு அரங்குகளும் உடைகளும் பொருட்களும்தான், ஆனால் படத்தை வரிக்கு வரி மனப்பாடம் வைத்திருக்கும் ஆட்களுக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்.

கோஸ்டர் பக்கம் 'ஃப்ளையிங் டைனோசர்'. ஆளைக் குப்புறத் தொங்கவிட்டு, கால் பின்னால் நீட்டியபடி ஒரு கிலோமீட்டருக்கும் மேலே இழுத்துக்கொண்டு போகும். 132 செ.மீ. உயரம் வேண்டும். டிஸ்னியின் இரு பார்க்கிலும் இதன் பக்கத்தில் வரக்கூட ஒன்று கிடையாது. 'ஜாஸ்' என்ற சுறா படத்தை வைத்துச் செய்த படகு ரைடையும் பாருங்கள், அமெரிக்காவில் 2012இல் மூடிவிட்டார்கள், இங்கே இன்னும் ஓடுகிறது. சுறாவை விடப் படகோட்டிப் பெண்தான் கவனிக்க வேண்டிய ஆள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தி, உங்களைக் காப்பாற்றியே தீருவேன் என்று நடிப்பார், முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த படகுக்கு அதே வேகத்தோடு தயாராவார்.

யூனிவர்சலில் எனக்குப் பிடிக்காதது ரைடுகளுக்கு நடுவே உள்ள இடம். மரியோவும் ஹாரி பாட்டரும் தவிர மற்ற பகுதிகள் பெரும்பாலும் சாதாரணமான அமெரிக்கத் தெருக்கள், அவற்றில் சும்மா நடப்பதற்கு ஒன்றும் இல்லை. வரிசையில் நிற்காத நேரம் வெறும் காத்திருப்பாகிவிடும். அதனால்தான் யூனிவர்சலில் எக்ஸ்பிரஸ் பாஸ் தேவைப்படுகிறது, டிஸ்னிசீயில் அது இல்லாமலும் ஓட்டலாம்.

காசுக் கணக்குக்கு வருவோம். இதை எழுதும்போது டிஸ்னியில் பெரியவர் டிக்கெட் நாளைப் பொறுத்து 7,900 முதல் 10,900 யென் வரை. ஒரு யென் அரை ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 முதல் 17 வயது வரை தனி விலை, 6,600 முதல் 9,000 வரை. 4 முதல் 11 வரை 4,700 முதல் 5,600. யூனிவர்சல் பெரியவர் டிக்கெட் 8,600இல் தொடங்கும், கூட்ட நாளில் 10,000ஐத் தாண்டும். அங்கே 12 வயதானாலே பெரியவர் விலைதான், ஆனால் 65க்கு மேற்பட்டவர்களுக்குச் சலுகை உண்டு. பதின்ம வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே உறைக்கும். அப்பா, அம்மா, 13 வயது, 8 வயது என்று நால்வர் போனால் டிஸ்னியில் மலிவான நாளில் 27,100 யென், உச்ச நாளில் 36,400.

வரிசையைத் தாண்டுவதற்கான செலவுதான் பெரிய வித்தியாசம். டிஸ்னியில் ஆப் வழியாக ஒவ்வொரு ரைடுக்கும் தனித்தனியாக வாங்கலாம், பெரும்பாலும் ஒரு ஆளுக்கு 1,500 அல்லது 2,000 யென். உள்ளே போன பிறகுதான் வாங்க முடியும். ஆகவே காலை நிலவரத்தைப் பார்த்து, எதற்கு இரண்டு மணி நேர வரிசை நிற்கிறதோ அதற்கு மட்டும் கட்டினால் போதும். யூனிவர்சலின் எக்ஸ்பிரஸ் பாஸ் அப்படியில்லை. நான்கு ரைடு, ஏழு ரைடு என்று கட்டாக, வீட்டிலிருந்தே வாங்க வேண்டும், தேதிக்குத் தேதி விலை மாறும், நுழைவு டிக்கெட்டை விட அதிகம் ஆகும் நாட்களே அதிகம். பார்க் நுழைவு டிக்கெட் அதில் சேராது, அது தனி. நால்வருக்கு எடுத்தால் விமான டிக்கெட் ஞாபகம் வரும். காசைக் கட்டாமல் தப்பிக்க ஒரு வழி, தனி ஆள் வரிசை. குடும்பம் ஒன்றாக உட்காராது, ஒவ்வொருவராக எங்கே இடம் இருக்கிறதோ அங்கே அமர்த்துவார்கள், ஆனால் நேரம் பெரிதும் மிச்சமாகும். வளர்ந்த பிள்ளைகள் என்றால் தயங்காமல் செய்யுங்கள். கைக்குழந்தை இருந்தால் எல்லாப் பார்க்கிலும் அப்பா போய் வந்ததும் மறுபடி வரிசையில் நிற்காமல் அம்மா போகும் ஏற்பாடு உண்டு, ரைடு வாசலில் ஊழியரிடம் கேளுங்கள்.

சாப்பாடு. நம்மில் சைவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி, ரைடு இரண்டாவது. ஜப்பானில் காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அடியில் மீன் சாறு இருக்கும், அவர்கள் 'கறி' என்று சொல்லும் மசாலாக் குழம்பில் காய் மட்டும் மிதந்தாலும் மாட்டிறைச்சிச் சாரம் கலந்திருக்கலாம். டிஸ்னிசீயின் அரபுப் பகுதியில் கஸ்பா என்ற உணவகத்தில் நான் ரொட்டியும் அந்தக் 'கறி'க் குழம்பும் கிடைக்கும், அசைவர்களுக்கு அங்கே பிரச்சினையே இல்லை. சைவர்கள் எந்தப் பார்க்கிலும் பெரும்பாலும் உருளைக்கிழங்கு வறுவல், பாப்கார்ன், பழம், ஐஸ்கிரீம் என்று ஓட்ட வேண்டி வரும். கறி மசாலா பாப்கார்ன் நம்மவர்களுக்குப் பிடிக்கும், எந்த வண்டியில் என்று ஆப்பில் பார்க்கலாம். 

வெளிச் சாப்பாட்டை மூன்று பார்க்கிலும் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். இங்கேதான் டிஸ்னி ஜெயிக்கிறது. டிஸ்னியில் அதே நாளில் வெளியே போய்த் திரும்ப வரலாம், வாசலுக்கு வெளியே கட்டுச்சோறு சாப்பிடவே மேசைகள் போட்ட இடம் இருக்கிறது. காலையில் கட்டிய புளியோதரையை அங்கே பிரித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போகலாம். யூனிவர்சலில் வெளியே வந்தால் அவ்வளவுதான், திரும்ப நுழைய முடியாது. மதியம் குழந்தையைத் தூங்க வைக்க ஹோட்டல் போய் வரும் திட்டமும் அங்கே நடக்காது. சிறு குழந்தையோ வயதானவரோ சைவமோ, இதில் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தாலும் எனக்கு இந்த ஒரு விதியே முடிவைச் சொல்லிவிடும்.

போகிற வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிஸ்னிக்கு டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து கேயோ தடத்தில் மாய்ஹாமா வரை, ரயிலில் கால் மணி நேரம்தான். ஆனால் டோக்கியோ ஸ்டேஷனுக்குள் அந்தத் தடத்தின் நடைமேடைக்குப் போய்ச் சேர்வதற்கே கிட்டத்தட்ட அதே நேரம் ஆகும். நகரும் நடைபாதைகளில் போய்க்கொண்டே இருப்பீர்கள், வேறு ஊருக்கே நடந்துவிட்டோமோ என்று தோன்றும். டிஸ்னிலேண்ட் மாய்ஹாமாவில் இறங்கியதும் நடக்கும் தூரம், டிஸ்னிசீக்கு மோனோரயில், அதற்குத் தனிக் காசு. யூனிவர்சலுக்கு ஒசாகா ஸ்டேஷனிலிருந்து பதினைந்து நிமிடம் போல, நிஷிகுஜோவில் மாற வேண்டியிருக்கலாம், நேரடி வண்டிகளும் உண்டு. கியோட்டோவில் தங்கியிருந்தாலும் காலையில் கிளம்பிப் போய்விடலாம். டோக்கியோவில் பார்க்க வேண்டியது மலை போல இருக்க, ஒசாகாவில் நாள் மிச்சம் இருக்கிறது என்றால் யூனிவர்சல் பக்கம் சாய இது நியாயமான காரணம்.

எந்த நாள் என்பது எந்தப் பார்க் என்பதைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன். ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5 வரை வரும் கோல்டன் வீக் தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் ஓபோன் விடுமுறை, மார்ச் கடைசியில் பள்ளி விடுமுறை, இந்த மூன்றிலும் எந்தப் பார்க் பக்கமும் தலை வைக்காதீர்கள். நம் ஊர்ப் பள்ளிகளின் கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் மே 10க்குப் பிறகு வார நாளில் போனால் வானிலையும் நன்றாக இருக்கும். ஜூனில் மழைக்காலம் தொடங்கிவிடும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலைச் சென்னைக்காரர்கள் லேசாக நினைப்பார்கள், ஆனால் அந்தப் புழுக்கத்தில் பத்து மணி நேரம் திறந்த வெளியில் நிற்பது சென்னையில் நாம் செய்கிற காரியம் இல்லை. ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரை கூட்டம் குறைவு, குளிர் அதிகம், சில ரைடுகளைப் பராமரிப்புக்கு மூடி வைப்பார்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை யூனிவர்சலில் ஹாலோவீன், இருட்டியதும் தெருவில் ஜாம்பி வேடக்காரர்கள் துரத்துவார்கள். இளசுகளுக்குக் கொண்டாட்டம், ஐந்து வயதுக் குழந்தைக்கு இரவுத் தூக்கம் போச்சு.

எந்தப் பார்க் போனாலும் கவனித்துப் பாருங்கள், கூட்டத்தை அவர்கள் நடத்தும் விதம் தனி. டிஸ்னிலேண்டில் ஊர்வலத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே சாலை ஓரத்தில் விரிப்பு போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். முன்வரிசை உட்கார்ந்தே இருக்க வேண்டும், பின்னால் இருப்பவர்கள் நிற்கலாம். யாரும் நடுவில் எழுந்து செல்ஃபி எடுப்பதில்லை. பள்ளிச் சீருடையில் வரும் பெண்கள் எல்லாரும் மாணவிகள் என்று நினைத்துவிடாதீர்கள், படிப்பு முடித்து வேலைக்குப் போகிறவர்களும் ஆசைக்குச் சீருடை மாட்டிக்கொண்டு தோழிகளோடு வருவது அங்கே ஒரு வழக்கம்.

இந்த மூன்றும் வேண்டாம், எனக்குப் பயம்தான் வேண்டும் என்பவர்கள் ஃபுஜி-கியூ ஹைலேண்ட் போகலாம். ஃபுஜி மலை அடிவாரத்தில் இருக்கிறது, ஷின்ஜுகுவிலிருந்து பஸ்ஸில் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம். 79 மீட்டர் உயரமான ஃபுஜியாமா, 121 டிகிரி சரிவில் உள்பக்கமாக மடங்கி விழும் தகாபிஷா, இருக்கையே சுழலும் ஈஜனாய்கா என்று பெரிய கோஸ்டர்கள் அங்கே உண்டு. 2018இலிருந்து நுழைவு இலவசம், ரைடுக்கு மட்டும் கட்டினால் போதும், கோஸ்டர் ஏறாத அம்மாவுக்கு டிக்கெட் மிச்சம். காற்றும் மழையும் வந்தால் நிறுத்திவிடுவார்கள் என்பதால் ஒரே நாளை நம்பிப் போவது சூதாட்டம். மழை நாளில், ஹலோ கிட்டி மேல் ஆசை உள்ள சிறு பெண் கூட இருந்தால் டோக்கியோவின் மேற்குப் பக்கம் சான்ரியோ பியூரோலேண்ட், முழுக்க உள்ளரங்கு.

அப்படியானால் யாருக்கு எது? ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தாலோ, வாழ்க்கையில் முதல் முறை டிஸ்னி பார்க்கிறீர்கள் என்றாலோ டிஸ்னிலேண்ட், அதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. மரியோ பைத்தியம் பிடித்த பிள்ளை இருந்தால் யூனிவர்சல், ஆனால் எக்ஸ்பிரஸ் பாஸுக்கோ விடிகாலை வரிசைக்கோ தயாராக இருந்தால் மட்டும். இரண்டுக்கும் மனமில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு டோக்கியோ ஷிபுயாவில் நின்டென்டோ கடையைக் காட்டிவிட்டு டிஸ்னிசீ கூட்டிப் போங்கள். கணவன் மனைவி மட்டும், நண்பர்கள் கூட்டம், வளர்ந்த பிள்ளைகளோடு குடும்பம், ஏற்கெனவே வேறு டிஸ்னி பார்த்தவர்கள், ரைடே ஏறாமல் வேடிக்கை பார்க்க வரும் பெரியவர்கள், இவர்கள் எல்லாருக்கும் டிஸ்னிசீ. இரு ஊரிலும் தங்குவதால் இரண்டு நாள் ஒதுக்க முடியும் என்கிறவர்கள் டிஸ்னிலேண்டையும் டிஸ்னிசீயையும் அடுத்தடுத்து வைக்காமல், டிஸ்னிசீயை டோக்கியோவிலும் யூனிவர்சலை ஒசாகாவிலும் நடுவில் கியோட்டோ கோயில்களையும் வைத்தால் காலுக்கும் நல்லது.

டிக்கெட்டைத் தேதி முடிவானதுமே இணையத்தில் வாங்கிவிடுங்கள், வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்பது இங்கே வேலைக்காகாது. அவர்களின் தளத்தில் நம் வங்கி அட்டை முரண்டு பிடித்தால் க்ளூக் போன்ற முகவர் வழியாக எடுக்கலாம், அதே டிக்கெட்தான். ஆப்பை ஊரிலேயே இறக்கி, கணக்கைத் திறந்து, டிக்கெட்டுகளை அதில் சேர்த்து வையுங்கள். போனில் ஜப்பான் இணைய இணைப்பு இருக்க வேண்டும், கூடவே ஒரு பவர் பேங்க். மதியம் இரண்டு மணிக்கு சார்ஜ் இறங்கிவிட்டால் வரிசைச் சீட்டும் போச்சு, உணவக முன்பதிவும் போச்சு, திரும்பிப் போகும் ரயில் நேரமும் போச்சு.